பன்னை உண்மையில் எத்தனை பேர் ஓட்டுகிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. ஆபீஸில் புதிதாக ஒரு ஏபிஐ (மற்ற ஆப்களுக்குப் பதில் சொல்லும் சர்வர் நிரல்) எழுதப் போகிறார்கள். டீம் லீட், நோட் ஜேஎஸ் வேண்டாம், பன் (Bun) போடலாம் என்கிறார்; இரண்டுமே ஜாவாஸ்கிரிப்ட் நிரலைச் சர்வரில் ஓட்டுகிற மென்பொருள், அதாவது ரன்டைம். மேனேஜர், "இதை எத்தனை பேர் ஓட்டுகிறார்கள், நம்பரோடு வா" என்று சொல்லிவிட்டார். இவர், எந்தத் தளம் எந்தத் தொழில்நுட்பத்தில் ஓடுகிறது என்று எண்ணுகிற டபிள்யூ3டெக்ஸில் போய்ப் பார்த்தால் சர்வர் மொழிகள் பட்டியலில் பன்னுக்கு ஒரு வரிகூட இல்லை. கிட்ஹப்பில் பார்த்தால் 80 ஆயிரத்துக்கு மேல் ஸ்டார். எதை நம்புவது? இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பது. இன்னொன்று, நாம் இறங்கினால் நட்டாற்றில் நிற்போமா என்பது. மேனேஜர் வாயால் கேட்டது முதலாவது, மனதில் இருப்பது இரண்டாவது. முதலாவதற்கு நேர்மையான நம்பர் கிடையாது, யாரிடமும் கிடையாது. ஏன் கிடையாது என்று சொன்னால், கிடைக்கிற நம்பர்களை எப்படிப் படிப்பது என்பதும் புரிந்துவிடும்.

பேக்எண்ட், சர்வர் பராமரிப்பு என்று பல வருடம் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: சர்வரில் ஓடுகிற எதையும் வெளியிலிருந்து எண்ணுவது, கோயில் வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்து உள்ளே எத்தனை பேர் என்று சொல்வது மாதிரி. கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனவன் கணக்கில் வரமாட்டான். பிரவுசரில் ஓடுகிற ஜேக்வெரி, ரியாக்ட் இவையெல்லாம் பக்கத்தோடு சேர்ந்து வருவதால் பார்த்துவிடலாம். சர்வரில் ஓடுவது தானாக எதையாவது உளறினால்தான் உண்டு. பிஎச்பி நன்றாகவே உளறும்: பக்கத்தோடு சேர்ந்து போகிற எக்ஸ்-பவர்ட்-பை என்ற ஹெடரில் (தகவல் வரியில்) தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் போட்டு அனுப்பும், php.ini என்ற அமைப்புக் கோப்பில் அதை அணைக்காதவரைக்கும். குக்கி பெயர்களும் காட்டிக்கொடுக்கும். ஜாவாவுக்கு ஒரு செஷன் குக்கி, ஏஎஸ்பி டாட் நெட்டுக்கு ஒன்று, லாராவெலுக்கு ஒன்று என்று ஆளுக்கு ஒரு வழக்கமான பெயர் இருக்கிறது. வேர்ட்பிரஸ் என்றால் படங்களின் முகவரியே போதும். பன்னோ, அதே வகை ரன்டைமான டெனோவோ தன் பெயரைச் சொல்லி எந்த ஹெடரும் அனுப்புவதில்லை. அதனால் அந்தப் பட்டியல்களில் இல்லை என்பதை வைத்து உலகத்தில் யாரும் பயன்படுத்தவில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது, தப்பான பெயரில் எண்ணப்படுவது. நீங்களே செய்து பாருங்கள். எக்ஸ்பிரஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் சர்வர் ஃபிரேம்வொர்க்கில் ஒரு சின்ன ஆப் எழுதி, அதைப் பன்னில் ஓட்டி, கர்ல் என்ற கட்டளைக் கருவி வைத்து ஹெடர்களை மட்டும் எடுங்கள். எக்ஸ்-பவர்ட்-பை: எக்ஸ்பிரஸ் என்று வரும். அந்த வரியை அனுப்புவது எக்ஸ்பிரஸ்தான், கீழே இருக்கிற ரன்டைம் இல்லை. ஒரு தளம் எதில் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கிற வாப்பலைசர் மாதிரிக் கருவிகளின் விதி என்னவென்றால், எக்ஸ்பிரஸ் தெரிந்தால் கீழே நோட் ஜேஎஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள். ஆக நீங்கள் பன்னுக்கு மாறிய அன்றும் உலகக் கணக்கில் நோட்டுக்குத்தான் ஓட்டு விழும். இது போதாதென்று முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் நிற்கும், அதற்கும் முன்னால் கிளவுட்ஃபிளேர் என்ற சிடிஎன் (நடுவில் நின்று பக்கங்களைப் பரிமாறுகிற சேவை) நிற்கும், சர்வர் ஹெடரில் அதன் பெயர்தான் வரும். கொஞ்சம் கவனமான டீம் என்றால் பாதுகாப்புக்காக அந்த எக்ஸ்-பவர்ட்-பை வரியையே எடுத்துவிடும். அப்புறம் வெளியே தெரியவே தெரியாத மைக்ரோசர்வீஸ்கள், வங்கிக்குள் ஓடுகிற ஆப்கள், மொபைல் ஆப்புக்கு மட்டும் பதில் சொல்கிற ஏபிஐக்கள். உங்கள் ப்ராஜெக்டே அந்த ரகம்தான், எந்தக் கணக்கெடுப்பிலும் ஒருநாளும் வராது.

டபிள்யூ3டெக்ஸை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் எதை எண்ணுகிறார்கள் என்பதை அவர்களே தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள், படிக்கிறவர்கள்தான் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிஎச்பி முக்கால்வாசித் தளங்களில் ஓடுகிறது என்று எல்லோரும் மேற்கோள் காட்டுகிற நம்பர், "எந்தத் தளங்களின் சர்வர் மொழி எங்களுக்குத் தெரியுமோ அவற்றில்" என்ற நிபந்தனையோடு வருவது. தெரியாதவை வகுக்கும் எண்ணிலேயே இல்லை. தெரியவருவதில் யார் முன்னால் நிற்பார்கள்? உளறுகிறவர்கள். அதிலும் வேர்ட்பிரஸ் மட்டும் எல்லாத் தளங்களிலும் நாற்பது சதவீதத்துக்கு மேல், அது முழுக்க பிஎச்பி. அதனால் பிஎச்பி பெரியது என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நோட்டோடு ஒப்பிடுகிற விகிதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கணக்கில் சர்வர் பக்க ஜாவாஸ்கிரிப்ட் ஒற்றை இலக்கச் சதவீதம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் 2024 சர்வேயில், வெப் தொழில்நுட்பக் கேள்விக்குப் பதில் சொன்னவர்களில் சுமார் 41 சதவீதம் பேர் நோட் பயன்படுத்துகிறேன் என்றார்கள். இரண்டும் பொய்யில்லை. ஒன்று தளங்களை எண்ணுகிறது, இன்னொன்று ஆட்களை எண்ணுகிறது. டபிள்யூ3டெக்ஸில் யாரோ கைவிட்ட ஒரு பிளாக்கும் தினம் கோடிப் பேர் வரும் கடையும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான்.

எண்ணிக்கை திடீரென்று எகிறினால் நான் முதலில் கேட்பது, இந்த முடிவை எடுத்தது எத்தனை பேர் என்று. இதற்கு ஒரு பழைய கதை உண்டு. நெட்கிராஃப்ட் 1995 ஆகஸ்டிலிருந்து வெப் சர்வர் கணக்கெடுத்து வருகிறது. 2006-இல் அதில் மைக்ரோசாஃப்ட்டின் ஐஐஎஸ் வெப் சர்வரின் பங்கு ஒரே தாவாகத் தாவியது, போட்டியாளரான அப்பாச்சி இறங்கியது. உலகத்தில் இருக்கிற அட்மின்கள் எல்லாம் ஒரே மாதத்தில் மனம் மாறிவிட்டார்களா என்றால் இல்லை. கோடாடி என்ற ஒரே நிறுவனம், வாங்கிப்போட்டுச் சும்மா கிடந்த 35 லட்சத்துக்கும் மேற்பட்ட டொமைன்களின் பக்கங்களை லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாற்றியது. ஆளே இல்லாத வீடுகளுக்குக் கதவு எண் மாற்றினார்கள், அவ்வளவுதான், பத்திரிகைகளில் அது போட்டியில் பெரிய திருப்பமாக வந்தது. நெட்கிராஃப்ட் "ஆக்டிவ்" தளங்களுக்கு என்று தனி எண்ணிக்கை வைத்திருப்பது இந்த மாதிரி வெற்றுப் பக்கங்களைக் கழிக்கத்தான்.

பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்கிற நெறிமுறையின் புதிய பதிப்பான எச்டிடிபி/3-க்கும் ஏறக்குறைய இதே நிலைமைதான், ஆனால் இங்கே உயிருள்ள தளங்கள். 2022 ஜூனில் ஆர்எஃப்சி 9114 என்ற தரநிலை ஆவணமாக வெளிவந்தது, இப்போது டபிள்யூ3டெக்ஸ் கணக்கில் மூன்றில் ஒரு பங்குத் தளங்களை ஒட்டி நிற்கிறது. அந்தத் தள உரிமையாளர்களில் பெரும்பாலானவர்களிடம் எச்டிடிபி/3 என்றால் என்ன என்று கேட்டால் முழிப்பார்கள். கிளவுட்ஃபிளேர் போன்ற சிடிஎன்கள் தங்கள் பக்கம் ஸ்விட்சைப் போட்டன, இவர்கள் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் அளவெடுக்க இது பன்னைவிட ஆயிரம் மடங்கு சுலபம், ஏனென்றால் இது கம்பியில் ஓடுகிற விஷயம், மறைக்க முடியாது. அப்படியும் யாரும் ஒரே நம்பர் சொல்வதில்லை பாருங்கள். தளம் ஆதரிக்கிறதா என்று எண்ணினால் ஒரு விடை. உண்மையில் எத்தனை ரெக்வெஸ்ட் அதில் போகிறது என்று எண்ணினால் வேறு விடை. பிரவுசர் வழக்கமாக முதல் தடவை எச்டிடிபி/2-இல் போய், ஆல்ட்-எஸ்விசி ஹெடரைப் பார்த்து, "சரி, இங்கே 3 இருக்கிறது" என்று தெரிந்துகொண்டு அப்புறம்தான் மாறும். ஒவ்வொரு தடவையும் புது பிரவுசராகப் போய் நிற்கிற கிராலருக்கு (தளங்களைச் சுற்றிப் பார்த்து எண்ணுகிற நிரலுக்கு) அதனால் குறைவாகத்தான் தெரியும். இன்னொரு கோணம்: 2020 அக்டோபரில், அதாவது ஆர்எஃப்சி வருவதற்கு ஒன்றரை வருடம் முன்பே, ஃபேஸ்புக் தன் டிராஃபிக்கில் 75 சதவீதத்துக்கு மேல் க்விக் (எச்டிடிபி/3-இன் அடித்தளம்), எச்டிடிபி/3 வழியாகப் போகிறது என்று அறிவித்தது. தளங்களின் கணக்கில் அது ஒரே ஒரு தளம்.

சரி, பன்னுக்கு வருவோம். உள்ளேயிருந்து எண்ணுகிற நம்பர்களில் கிட்ஹப் ஸ்டார்தான் ரொம்ப மலிவு. ஸ்டார் என்பது "அப்புறம் பார்க்கலாம்" என்று மடித்துவைத்த பக்கம். டெனோவின் ஸ்டார் ஒரு லட்சத்தை ஒட்டி இருக்கிறது, நோட் ஜேஎஸ்ஸுக்கும் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல்தான். இரண்டும் சம அளவில் புழக்கத்தில் இருக்கின்றன என்று டெனோ ரசிகர்கள்கூடச் சொல்லமாட்டார்கள். வேர்ட்பிரஸ்ஸின் கிட்ஹப் நகலுக்கு ஏறக்குறைய 20 ஆயிரம் ஸ்டார். வெப்பில் நாற்பது சதவீதத்தை வைத்திருப்பவனுக்கு 20 ஆயிரம்!

ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் களஞ்சியமான என்பிஎம்மின் டவுன்லோடு எண்ணிக்கை ஸ்டாரைவிட ஒரு படி மேல், ஆனால் அதுவும் ஆட்களின் எண்ணிக்கை இல்லை. பேக்கேஜ் கோப்பை யார் வெற்றிகரமாக எடுத்தாலும் ஒன்று. பில்டு சர்வர், மிரர், ரோபோ எல்லாம் அதில் அடக்கம். கேஷ் போடாத ஒரு சிஐ பைப்லைன் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கிற ஏற்பாடு), புஷ் பண்ணும்போதெல்லாம் ஒரு டவுன்லோடு ஏற்றும். ஐந்து பேர் இருக்கிற ஒரு டீம், நாள் முழுக்கச் சின்னச் சின்ன மாற்றமாகப் புஷ் பண்ணினால் ஐம்பது பேர் மாதிரித் தெரியும். மறுபக்கம், பன்னை நிறுவப் பலர் என்பிஎம் பக்கமே போவதில்லை, கர்ல் ஸ்கிரிப்ட், ஹோம்புரூ, டாக்கர் இமேஜ் என்று போய்விடுகிறார்கள். ஆக இந்த நம்பர் ஒரே நேரத்தில் கூடுதலாகவும் இருக்கிறது, குறைவாகவும் இருக்கிறது. முழு எண்ணை விட்டுவிட்டு, அதே பேக்கேஜின் போன வருடத்துக் கோட்டையும் இந்த வருடத்துக் கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏறுமுகமா இறங்குமுகமா என்று தெரியும். அந்த அளவுக்குத்தான் அதற்கு மதிப்பு. வார நாளில் மேடு, சனி ஞாயிறில் பள்ளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வேலை நேரத்தில் ஏறி லீவு நாளில் விழுந்தால் சம்பளம் வாங்குகிறவர்கள் பயன்படுத்துகிறார்கள் என்று அர்த்தம், ஏழு நாளும் தட்டையாக இருந்தால் ரோபோ வாசனை அடிக்கிறது.

வீட்டுக்குப் போன் பண்ணுகிற மென்பொருள் என்றால் நம்பர் கெட்டியாக இருக்கும். வேர்ட்பிரஸ் அப்டேட் இருக்கிறதா என்று தலைமையகத்தைக் கேட்கும், கேட்கும்போதே தான் எந்த பிஎச்பி பதிப்பில் ஓடுகிறேன் என்றும் சொல்லும், அதனால் பிஎச்பி பதிப்புப் பங்கீட்டுக்கு அவர்கள் வெளியிடும் விவரத்தை நான் நம்புவேன், வேர்ட்பிரஸ் உலகத்துக்குள் மட்டும். சர்வேக்களை அந்த அளவுக்கு நம்பமாட்டேன். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ சர்வேக்கு 2023-இல் சுமார் 89 ஆயிரம் பேர், 2024-இல் 65 ஆயிரம், 2025-இல் 49 ஆயிரம் பேர் பதில் சொன்னார்கள். கூட்டம் இப்படிக் கரையும்போது போனது யார், நின்றது யார் என்று தெரியாமல் வருடத்துக்கு வருடம் சதவீதத்தை ஒப்பிடுவதில் பெரிய அர்த்தமில்லை. கூகுள் டிரெண்ட்ஸில் பன் என்று போட்டால் பேக்கரியும் கொண்டை போடும் விதமும்தான் வரும், அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

நான் உண்மையில் நம்புகிற தடயம் வேறு, கொஞ்சம் மெனக்கெட வேண்டும். கிட்ஹப்பின் கோட் தேடலில் பன்னின் லாக் கோப்பை (எந்தப் பேக்கேஜின் எந்தப் பதிப்பு என்று பதிந்துவைக்கிற கோப்பை) தேடுங்கள், நிறைய வரும். உடனே சந்தோஷப்படாதீர்கள். பன் என்பது ரன்டைம் மட்டும் இல்லை, பேக்கேஜ் மேனேஜரும் அதுதான், பண்ட்லரும் அதுதான், டெஸ்ட் ரன்னரும் அதுதான். வேகமாக இன்ஸ்டால் ஆகிறது என்பதற்காக மட்டும் வைத்திருப்பவர்கள் ஏராளம். அதனால் அந்த ரெப்போக்களில் டாக்கர்ஃபைலை (சர்வரில் ஓடுகிற இமேஜை எப்படிக் கட்டுவது என்று எழுதிவைத்த கோப்பை) திறந்து பாருங்கள். முதல் ஸ்டேஜில் பன் இமேஜை எடுத்து எல்லாவற்றையும் இன்ஸ்டால் பண்ணியிருப்பார்கள், கீழே கடைசி ஸ்டேஜில் நோட் ஸ்லிம் இமேஜ் இருக்கும், கடைசி வரியில் ஓட்டுகிற கட்டளை நோட் என்று தொடங்கும். அவர் பன் பயனரா? லேப்டாப்பில் ஆமாம், புரொடக்‌ஷனில் இல்லை. இதில் இன்னும் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பன் வைத்திருப்பவர்களுக்கே தெரியாமல் இருப்பது. பேக்கேஜின் ஸ்கிரிப்டைப் பன் ரன் என்று ஓட்டினாலும், அந்தக் கருவியின் முதல் வரியில் நோட் என்று ஷெபாங் (எதில் ஓட்ட வேண்டும் என்ற குறிப்பு) எழுதியிருந்தால் பன் அதை மதித்து நோட்டைத்தான் எழுப்பும், கூடவே பன் என்ற ஃபிளாகையும் தனியாகக் கொடுத்தால் ஒழிய. நெக்ஸ்ட் ஜேஎஸ் ஃபிரேம்வொர்க்கைப் பன்னில் ஓட்டுகிறேன் என்று சொல்கிறவர் மெஷினில் பிராசஸ் பட்டியலைப் பாருங்கள், நோட் உட்கார்ந்திருக்கும். அவர் சர்வேயில் மனப்பூர்வமாக பன் என்று டிக் அடிப்பார்.

டெனோவில் இதன் தலைகீழ். சூபாபேஸ், நெட்லிஃபை என்ற இரண்டு கிளவுட் சேவைகளின் எட்ஜ் ஃபங்ஷன்களும் (அவர்கள் சர்வரில் ஓடுகிற சின்ன நிரல்கள்) டெனோவில் ஓடுகின்றன. அங்கே பத்து வரி எழுதியவன் புரொடக்‌ஷனில் டெனோ ஓட்டுகிறான், ஆனால் சர்வேயில் அந்தப் பெட்டியைத் தாண்டிப் போய்விடுவான். யாரைப் பயனர் என்று எண்ணுவது என்பதை முதலில் முடிவு செய்யாமல் எந்த நம்பரைப் பேசினாலும் வீண் சண்டைதான்.

மேனேஜரிடம் எதைத் தைரியமாகச் சொல்லலாம் என்று கேட்டால், என் பங்குக்கு இப்படிப் பிரிப்பேன். பன் 1.0 வந்தது 2023 செப்டம்பரில், நோட் வெளியே வந்தது 2009-இல், இரண்டுக்கும் நடுவே பதினான்கு வருட இடைவெளி இருக்கிறது, புரொடக்‌ஷனில் நோட் பல மடங்கு பெரியது. இது உறுதி. பன்னின் புழக்கம் ஏறுகிறது, டெவலப்பர் கருவியாக நன்றாகவே பரவிவிட்டது என்பதும் உறுதி. 2025 அக்டோபரில் வெர்செல் என்ற ஹோஸ்டிங் கம்பெனி தன் ஃபங்ஷன்களுக்குப் பன் ரன்டைமை பீட்டாவாகத் திறந்தது. ஹோஸ்டிங் கம்பெனி ஒன்றை ஆதரிக்க ஆரம்பித்தால் நள்ளிரவில் போன் வந்தால் எடுக்க ஆள் வைக்க வேண்டும், அதனால் இந்த மாதிரி அறிவிப்பை ஸ்டாரைவிடப் பெரிய சாட்சியாக நான் எடுத்துக்கொள்வேன். புரொடக்‌ஷனில் ஏபிஐ சர்வராக எத்தனை சதவீதம் என்று யாராவது தசமப் புள்ளியோடு சொன்னால், எதை எதால் வகுத்தீர்கள் என்று கேளுங்கள், பேச்சு அதோடு நின்றுவிடும்.

உங்கள் மேனேஜரின் மனதில் இருக்கிற இரண்டாவது கேள்விக்கு, பயனர்கள் பிழைகளைப் பதிகிற இஷ்யூ டிராக்கர்தான் நல்ல இடம். எத்தனை இஷ்யூ திறந்திருக்கிறது என்று எண்ணாதீர்கள், என்ன மாதிரி இஷ்யூ என்று படியுங்கள். "இன்ஸ்டால் ஆகவில்லை", "இந்தப் பேக்கேஜ் ஓடவில்லை" என்பது இப்போதுதான் தொட்டுப் பார்க்கிறவர்களின் குரல். "மூன்று வாரமாக ஓடுகிறது, மெமரி மெல்ல ஏறுகிறது, ஹீப் ஸ்னாப்ஷாட் இணைத்திருக்கிறேன்" என்று ஒருவர் எழுதினால் அவர் பிழைப்பையே அதன் மேல் வைத்திருக்கிறார். இரண்டாவது வகை எத்தனை, அதற்கு எவ்வளவு நாளில் பதில் வருகிறது, மூடினார்களா, சும்மா விட்டார்களா. ஒரு மதிய நேரம் உட்கார்ந்து படித்தால் எந்தச் சார்ட்டும் சொல்லாததைச் சொல்லும். கூடவே பதிப்புக் கொள்கையையும் பாருங்கள். நோட்டின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு மொத்தம் 30 மாதம் ஆதரவு உண்டு, பன்னில் அப்படி ஒரு எல்டிஎஸ் வரிசை இல்லை. ஆடிட் கேட்கிற வாடிக்கையாளர் உங்களுக்கு இருந்தால் இது சின்ன விஷயம் இல்லை.

மிச்சத்தை உலகத்தைக் கேட்க வேண்டாம், உங்கள் ரெப்போவைக் கேளுங்கள். பன்னுக்குள் இருப்பது நோட்டில் இருக்கிற வி8 எஞ்சின் இல்லை, ஜாவாஸ்கிரிப்ட்கோர் என்ற வேறு எஞ்சின். அதனால் வி8-இன் உள் இடைமுகத்தை நேராகத் தொடுகிற பழைய நேட்டிவ் மாட்யூல் ஏதாவது உங்கள் டிபென்டன்சியில் இருந்தால் அங்கேதான் முதலில் இடிக்கும். டேட்டாபேஸ் டிரைவர், படம் சுருக்குகிற லைப்ரரி, நீங்கள் காசு கொடுத்து வைத்திருக்கிற மானிட்டரிங் ஏஜென்ட் இந்த மூன்றையும் முதலில் சோதித்துவிடுங்கள், ஏஜென்ட் தயாரிப்பாளரிடம் பன்னை அதிகாரபூர்வமாக ஆதரிக்கிறீர்களா என்று மெயிலில் கேட்டு வாங்குங்கள், வாய்வார்த்தை போதாது. இறங்குவதென்றால் ஹோனோ மாதிரி நோட், டெனோ, பன் மூன்றிலும் ஓடுகிற ஃபிரேம்வொர்க்கை எடுத்து, பன்னுக்கே உரிய அழைப்புகளை ஒரே ஃபைலுக்குள் அடக்கி வையுங்கள். சிஐயில் அதே டெஸ்ட்களை நோட்டிலும் ஒரு தடவை ஓட விடுங்கள். அந்த இரண்டாவது ஓட்டம் பச்சையாக இருக்கிற வரைக்கும் திரும்பி வர டாக்கர்ஃபைலில் ஒன்றிரண்டு வரி மாற்றினால் போதும், மேனேஜருக்கான ரிப்போர்ட்டில் நான் முதலில் எழுதுவது அதைத்தான்.